கவ்வாத்துக்கத்தி வம்சத்துக்கு ஒரு மூதாதை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று பதுளை பஜாரில் எல்லோரும் சொல்வார்கள். பல்பை வாங்கிக்கொண்டு போய் கீழே போட்டுவிட்டு, "காமில் நானா, இது எரியல்ல" என்று திருப்பிக் கொண்டுவருகிற ஆளிடம் நான் பேசுகிற பேச்சு எதிர்க் கடை வரைக்கும் கேட்கும். மின்சாரச் சாமான் கடை வைத்திருக்கிறவனுக்கு அந்த வாய் இல்லாவிட்டால் பிழைக்க ஏலாது. அப்படிப்பட்ட நான், வாய் திறக்க வேண்டிய இடத்தில் திறக்காமல் இருந்துவிட்டேன். அது இன்னும் என் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது.

விஷயம் ஒரு விளையாட்டில் தொடங்கியது. போனில் ஆடுகிற சாமுராய் விளையாட்டு. தாடியில் நரை விழுந்த கடைக்காரனுக்கு வாள்வீரன் விளையாட்டு ஒரு கேடா என்று கேட்பீர்கள். என் மனைவி ஷஹீலா உங்களுக்கு முன்னாலேயே கேட்டுவிட்டாள்.

அதில் ஆளுக்கு ஒரு வீரன். பல வீரர்கள் சேர்ந்தால் ஒரு வம்சம். வம்சத்துக்கு ஒரு மாளிகை, முற்றம், முற்றத்தில் ஒரு கிணறு, பின்பக்கம் மூதாதைகளுக்கு ஒரு கோயில். நானும் என் தம்பி றிஸாத்தும் கூட்டாளிகள் சிலரும் சேர்ந்து கருநாரை வம்சம் என்று ஒன்றை நடத்தினோம். ஒரு காலத்தில் எங்கள் கொடியைக் கண்டால் மற்ற வம்சத்தார் வழி விடுவார்கள். பிறகு ஒருத்தன் கட்டாருக்குப் போனான், ஒருத்தன் கல்யாணம் கட்டினான், மற்றவனுக்கு அலுத்துப்போனது. றிஸாத் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஹாலிஎல வளைவில் மோட்டார் சைக்கிளோடு சறுக்கி விழுந்து மௌத்தாகிவிட்டான். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அதற்குப் பிறகு அந்தப் பெரிய மாளிகையில் நான் மட்டும்தான்.

நான் மட்டும் என்று சொல்வதும் சரியில்லை. றிஸாத்தின் வீரன் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தான். கடைசியாக விளையாடிய அன்று அவனை அங்கே உட்கார வைத்துவிட்டுத்தான் றிஸாத் போனை மூடியிருக்கிறான். அந்த விளையாட்டில் ஆள் வராவிட்டாலும் வீரன் விட்ட இடத்தில் இருப்பான். கழுத்தைச் சொறிவான், கொட்டாவி விடுவான், வானத்தைப் பார்ப்பான். அவனோடு சகோதர சத்தியம் செய்துகொண்ட ஒரே ஒருத்தன் பக்கத்தில் போனால் மட்டும், அந்த ஒருத்தனுக்கென்று ஆடுகிறவன் தன் குரலில் பதிந்து வைத்த ஒரு பேச்சைப் பேசுவான். அண்ணனை நாங்கள் நானா என்போம். எனக்கென்று றிஸாத் பதிந்து வைத்திருந்தது இதுதான்.

"எங்க நானா போன? உம்மா தேடுறா."

அதைப் பதியும்போது அவன் எங்கள் குசினி வாசலில் நின்றிருக்க வேண்டும். அவன் குரலுக்குப் பின்னால் சட்டியில் அகப்பை படுகிற சத்தம் கேட்கும். அதற்கும் பின்னால், மெதுவாக, "டேய் றிஸாத்" என்று உம்மா கூப்பிடுவதும் கேட்கும்.

பொழுதுபட்டதும் மஃரிப் தொழுதுவிட்டு உம்மா என் பக்கத்தில் வந்து உட்காருவா. "சின்னவன்ட சத்தத்தப் போடு மகன்" என்பா. நான் என் வீரனைக் கிணற்றடிக்கு நடத்திப் போவேன். உம்மா போனைக் காதோடு வைத்து ஒரு தரம் கேட்பா. இரண்டாம் தரம் கேட்டதே இல்லை. பிறகு எழும்பிப் போய் சோறு போடுவா. எங்கள் வீட்டில் ராச்சாப்பாடு அதற்குப் பிறகுதான்.

"அத வேற போன்ல பதிஞ்சி வைங்களேன்" என்று ஷஹீலா எத்தனையோ தரம் சொன்னாள். நான் செய்யவில்லை. பதிந்து வைத்தால் அது மௌத்தானவனின் சத்தமாகிவிடும் என்று நினைத்தேன். இங்கே நான் நடந்து போனால்தான் அவன் கூப்பிடுகிறான், நான் போகாவிட்டால் சும்மா இருக்கிறான். அந்த வித்தியாசத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். மடையன் வேலை. இன்றைக்கு விளங்கி என்ன பிரயோசனம்.

போன வருஷம் அந்த விளையாட்டில் ஒரு புது வம்சம் முளைத்தது. மற்றவர்கள் கொடியில் புலியையும் நெருப்பையும் போட்டிருக்க, இவர்கள் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற வளைந்த கத்தியைப் போட்டிருந்தார்கள். பெயரும் கவ்வாத்துக்கத்தி வம்சம். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பக்கத்து ஆட்களாகத்தான் இருக்கும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

தலைவன் சதீஸ்குமார், தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து இளைஞன், பண்டாரவளையில் ஒரு பேக்கரியில் வேலை. ஆள் சேர்த்தது அவன் மாமன் மகள் கலாராணி. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறவள். அவள் தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாகப் போய் ஆள் பிடித்தாள். கிரிக்கெட் ஆடுகிற பையன்கள், கொழும்பில் தையல் தொழிற்சாலைக்குப் போன பெண்கள், டோஹாவில் லொறி ஓட்டுகிற அண்ணன்மார் என்று ஒருத்தரையும் விடவில்லை. வாள் பிடிக்கத் தெரியாதவர்களுக்கு நெல் காவல், குதிரை காவல் என்று ஏதாவது வேலை கொடுத்துவிடுவாள். கொஞ்ச மாதத்தில் நாற்பது பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள்.

ஆனால் அந்த விளையாட்டில் ஆள் சேர்ந்தால் மட்டும் வம்சம் ஆகாது. மகாசபை என்று ஒன்று இருக்கிறது. அது ஏற்றுக்கொள்ளாத கூட்டம் எவ்வளவு நிலம் பிடித்தாலும் யார் வேண்டுமானாலும் வந்து பறித்துக்கொண்டு போகலாம். சபை ஏற்க வேண்டுமானால் பழைய வம்சம் ஒன்று இவர்களைத் தத்தெடுத்துத் தன் பரம்பரையைக் கொடுக்க வேண்டும். எந்த வம்சமும் கொடுக்கவில்லை. "அப்பன் பேர் தெரியாத கூட்டம்" என்று எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதினார்கள். ஒருத்தன் அதைவிடக் கேவலமாக, தோட்டத்து ஆட்களைத் திட்டுகிற அந்தப் பழைய சொல்லையே எழுதினான். எனக்கு வந்த கடுப்பில் அவனை நாலு கேள்வி நறுக்கென்று கேட்டேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் என்னைத் தேடி வந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குள் ஒரு இளைஞனும் ஒரு பெண்ணும் நுழைந்தார்கள். அவன் கையில் ஒரு தட்டு. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழச் சீப்பு, சீனிப் பக்கற். அவள் கையில் வெலிமடை லீக்ஸ் ஒரு கட்டு.

"நானா, நாங்க கவ்வாத்துக்கத்தி" என்றான் அவன்.

"தட்டோட வந்திருக்கீங்க. இங்க பொண்ணு ஒண்டும் இல்லையே" என்றேன்.

"பேரு கேக்க வந்திருக்கோம் நானா" என்றாள் கலாராணி. "வெறுங்கையோட போகக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க. லீக்ஸ் மட்டும் என் சொந்த யோசன."

சிரித்துவிட்டேன். ஸ்டூல் இழுத்துப் போட்டு பிளேன்டீ எடுப்பித்தேன். அவன் விளையாட்டின் விதிகளை எனக்கே விளங்கப்படுத்தத் தொடங்கினான். அவள் இடையில் புகுந்தாள்.

"எங்களுக்கு நிலம் கூட வேணாம் நானா. பரம்பரை இல்லாதவங்கன்னு சொல்றாங்க பாருங்க, அத தாங்க முடியல. வெளிய போனாலும் அதத்தான் கேக்குறோம். போன்லயும் அதத்தான் கேக்கணுமா?"

சும்மா கிடக்கிற பெயர், நாற்பது பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று நினைத்தேன். பெயர் கொடுக்கிறவன் மாளிகையையும் தலைமையையும் கொடுத்துவிட்டு ஒதுங்க வேண்டும் என்பது விதி. அதையும் சரியென்றேன்.

"கிணத்தடியில ஒரு வீரன் இருக்கான். என்ட தம்பி. மௌத்தாயிட்டான்" என்றேன். "அவன நல்லாப் பாத்துக்கங்க."

கலாராணியின் முகம் மாறிவிட்டது. "எங்க வீட்டு ஆள மாதிரி பாத்துக்குவோம் நானா" என்றாள்.

அந்தக் குரலைப் பற்றி அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. என் உம்மா ஒவ்வொரு நாளும் ஒரு பொம்மை பேசுவதைக் கேட்டுவிட்டுத்தான் சோறு போடுவா என்று இந்தப் பிள்ளைகளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து ஒருத்தர் வந்து பல்பு ஹோல்டர் கேட்டார். எழும்பி எடுக்கப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு சில மாதம் மாளிகை கலகலவென்று இருந்தது. யார் உள்ளே வந்தாலும் முதலில் கிணற்றடிக்குப் போய் றிஸாத்துக்குத் தலை குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுத்தான் மற்ற வேலை பார்ப்பார்கள். கலாராணி போட்ட சட்டம் அது. நான் உம்மாவுக்குக் காட்டினேன். உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தா. "சின்னவனுக்குக் கூட்டாளிமார் வந்திருக்காங்க" என்றா. அன்றைக்கு உம்மாவின் முகத்தைப் பார்த்து, நான் வாழ்க்கையில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

பிறகு மகாசபை இன்னொரு முடிச்சைப் போட்டது. பெயர் இருக்கிறது, ஆள் இருக்கிறது, ஆனால் கோயிலில் ஒரு மூதாதையும் இல்லை, மூதாதை இல்லாத வம்சம் பாதி வம்சம்தான் என்றது. எங்கள் பழைய வம்சத்தில் யாரையும் நாங்கள் அப்படி ஏற்றியிருக்கவில்லை. எங்களுக்கு அதெல்லாம் தேவைப்படவும் இல்லை. சபை இவர்களிடம் இப்படிக் கேட்டது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைப் பற்றி ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. அதே நேரம் விளையாட்டில் குளிர்காலம் தொடங்கி, கிணற்றடியில் இருந்தவனின் தலையிலும் தோளிலும் பனி விழுந்துகொண்டிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து போனைப் பார்த்தேன். சதீஸ்குமாரின் செய்தி. "நானா, சபை ஏத்துக்கிச்சு. ஞாயித்துக்கெழம தோட்டத்துக்குக் கட்டாயம் வாங்க."

நல்ல செய்திதானே என்று மாளிகைக்குள் போனேன். கிணற்றடி வெறுமையாக இருந்தது. அவன் இருந்த இடத்தில் மட்டும் பனி இல்லை. முற்றம் முழுக்கத் தேடினேன். குதிரை லாயத்திலும் தேடினேன். கடைசியில் பின்பக்கக் கோயிலில் ஒரு பலகை கண்டேன். அதில் றிஸாத் என்ற பெயர், அதன் கீழே கவ்வாத்துக்கத்தி வம்சத்தின் முதல் மூதாதை என்ற எழுத்து. பக்கத்தில் போனேன். ஒரு மணி அடித்தது. அவ்வளவுதான்.

நீண்ட காலம் வராத வீரனுக்குத் தலைவன் விரும்பினால் கடைசிச் சடங்கு செய்து மூதாதையாக ஏற்றலாம், ஏற்றிய பிறகு இறக்க முடியாது. விதியில் தெளிவாக இருந்தது. விளையாட்டை நடத்துகிறவர்களுக்கும் எழுதினேன். வருந்துகிறோம் என்று பதில் வந்தது.

அன்றைக்கு உம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது சிக்னல் இல்லை என்று சொன்னேன். சனிக்கிழமையும் அதையே சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை தெமோதரைக்கு ரயிலேறினேன். வழி முழுக்கக் கேட்க வேண்டியதை எல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன். உங்களுக்குப் பேர் தந்ததற்கு இதுவா கைமாறு, கேட்காமல் கை வைக்க உங்களுக்கு யார் உரிமை தந்தது, இப்படி நிறைய. தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றி என் வாயில் வரக்கூடாத ஒரு வார்த்தையும் வந்தது. யா அல்லாஹ், அதை நான் வெளியே சொல்லாமல் போனது ஒன்றுதான் அன்றைக்கு நடந்த நல்லது.

தோட்டத்து மண்டபத்தில் பாய் விரித்திருந்தார்கள். போனில் வாளோடு பார்த்த பெயர்கள் எல்லாம் சேலையிலும் சாரத்திலும் நின்றன. நடுவில் ஒரு மேசை. அதில் றிஸாத்தின் வீரனைப் பெரிதாகப் படமெடுத்து, சட்டம் போட்டு, செவ்வந்தி மாலை போட்டு வைத்திருந்தார்கள். முன்னால் ஒரு விளக்கும், வாழையிலையில் சர்க்கரைப் பொங்கலும்.

"எங்க வம்சத்துக்கு இப்பத்தான் அப்பன் பேரு கெடச்சிருக்கு நானா" என்றான் சதீஸ்குமார். "உங்க தம்பிதான் எங்க குலசாமி."

கலாராணி சொன்னாள்: "பனியில தனியா உக்காந்திருந்தாரு நானா. ஒவ்வொரு நாளும் பாக்குறப்ப தலையில கெடக்குற பனியத் தட்டிவிடணும் போல இருக்கும். எங்க பக்கம் செத்தவங்கள அப்புடி விட மாட்டோம். கருமாதி செஞ்சு, சாமியா கும்புட்டு வச்சாத்தான் அவங்க அலையாம இருப்பாங்க. நீங்க நல்லாப் பாத்துக்கச் சொன்னீங்கள்ல."

அவர்கள் ஒவ்வொருத்தரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அடுக்கி வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது.

"மாலையக் கழட்டுங்க" என்று கத்தினேன். "எங்கட ஆக்கள் படத்துக்கு மாலை போட மாட்டம். விளக்கு வைக்க மாட்டம். இது தெரியாதா உங்களுக்கு?"

சதீஸ்குமார் ஓடிப் போய் மாலையைக் கழற்றினான். யாரோ விளக்கை எடுத்துக்கொண்டு போனார்கள். "தெரியாம செஞ்சிட்டோம் நானா, மன்னிச்சிருங்க" என்று பெரியவர்கள் சொன்னார்கள். சரிப்படுத்தக்கூடிய குற்றத்துக்கு நான் கத்தினேன். அவர்கள் உடனே சரிப்படுத்திவிட்டார்கள். பிறகு எனக்கே வெட்கமாகி, பாயில் உட்கார்ந்து அவர்கள் தந்த தேத்தண்ணியைக் குடித்தேன்.

ஸ்டேஷன் வரைக்கும் கலாராணி கூட வந்தாள். தேயிலைக்கு நடுவே நடக்கும்போது, "கோவம் மாலைக்கு இல்லீங்களே நானா" என்றாள். குழந்தைகளோடு இருக்கிறவள், அழுகை எதற்கு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவள்.

நான் சொன்னேன். குரல், குசினிச் சத்தம், உம்மா, சோறு, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் நின்றுவிட்டாள். "நாங்க போனா அவரு ஒன்னுமே பேச மாட்டாரே."

"உங்களுக்குப் பேச மாட்டான். எனக்கு மட்டும்தான்."

பிறகு, "அவரு பேசுவாருன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே நானா" என்றாள். "எங்களுக்கு வம்சமே வேணாம்னு இருந்திருப்போமே."

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அப்படியே அழுதுகொண்டு சொன்னாள். ரயில் வந்தது. அவள் தலையில் கையை வைத்து, "நீங்க நல்லதத்தான் செஞ்சீங்க தங்கச்சி" என்றேன். அது பொய்யில்லை. உண்மையாக இருந்ததால்தான் எனக்கு அவ்வளவு வலித்தது. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் அவர்களைத் திட்டியாவது என் மனசை ஆற்றியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து மஃரிப் தொழுதேன். உம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தா. சிக்னல் இல்லை என்று மூன்றாம் நாளும் சொல்ல வாய் வரவில்லை. என் வீரனைக் கோயிலுக்கு நடத்திப் போய், போனை உம்மாவின் காதில் வைத்தேன். மணி அடித்தது. உம்மா காத்துக்கொண்டிருந்தா. போனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தா.

"இனி அவன்ட சத்தம் வராது உம்மா" என்றேன்.

"யாரு செஞ்ச?"

"நல்ல புள்ளைகள் உம்மா. மரியாத செய்யப் போய் நடந்திரிச்சி. நான்தான் அவங்களுக்கு ஒண்டும் சொல்லல்ல."

உம்மா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போனைத் திருப்பித் தந்துவிட்டுக் குசினிக்குப் போனா. பீங்கான் எடுக்கிற சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. கை ஈரத்தைத் துடைக்காமலே திரும்பி வந்து வாசலில் நின்றா.

"மகன், என்ன மையவாடிக்குக் கூட்டிப் போறியா?"

மௌத்தானவர்களை அடக்குகிற மையவாடிக்கு எங்கள் பெண்கள் போவதில்லை. றிஸாத்தைத் தூக்கிப் போன சந்தூக்கு வாசலைத் தாண்டிய அன்றைக்கும் உம்மா உள்ளறையில்தான் இருந்தா. இந்த மூன்று வருஷமும் பஸ்ஸில் அந்தப் பக்கம் போகிறபோதுகூட முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வா. ஷஹீலா என்னைப் பார்த்தாள். ஊரில் என்ன கதைப்பார்கள் என்று அவள் கண்ணில் இருந்தது.

"காலையில போவம் உம்மா" என்றேன்.

உம்மா தலையாட்டிவிட்டு சோறு போடப் போனா. எந்தக் கபுறு றிஸாத்தினுடையது என்று அவவுக்கு நான்தான் காட்ட வேண்டும்.